அறுபத்திரண்டு கிலோ

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மூத்த நர்ஸ் ஏழு கேள்விகள் கேட்டார். பெயர், வயது, முகவரி, கால் எப்போது முறிந்தது, இதுவரை என்ன மருந்து சாப்பிட்டாள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, எடை எவ்வளவு. ஆறு கேள்விகளுக்கு உண்மையைச் சொன்னோம். ஏழாவதுக்கு என் மனைவி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, "அறுபத்தி ரெண்டு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலை விளக்கிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

நான் பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவன். இருபத்தோரு வருஷமாக அதே வேலை. மூட்டையோ பெட்டியோ, எடைமேடையில் ஏற்றுவதற்கு முன் ஒரு தூக்குத் தூக்கினாலே எனக்கு எடை தெரிந்துவிடும். அரை கிலோ முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் தவறியதில்லை. இதில் பெருமை ஒன்றும் இல்லை, கைப்பழக்கம். என் மனைவி அவளுடைய தையல் கடைப் படியில் சறுக்கி விழுந்து இடது கணுக்கால் முறிந்த நாளிலிருந்து, கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கும் பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கும் இரண்டு மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு போனவனும் நான்தான். ஆகவே அவள் அறுபத்திரண்டு இல்லை என்பது என் கைகளுக்கு நன்றாகத் தெரியும். எண்பத்தாறு.

பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பாதியை அவள் உயரம் மறைத்துவிடும், மீதியை அவள் தையல் மறைத்துவிடும். எங்கே தையலைச் சாய்த்துப் போட வேண்டும், எங்கே துணியைத் தளரவிட வேண்டும் என்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தெருவில் அவளுக்கு டெய்லரம்மா என்று பெயர். பெண்கள் இரண்டு கடைகளைத் தாண்டி அவளிடம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற கடைகளில் ஒருவர் டேப்பைப் பிடித்து அளவைச் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். காத்திருக்கிறவர்கள் காதிலெல்லாம் விழும். இவள் தானே அளந்து, தானே எழுதி, நோட்டை மூடிவிடுவாள். "இடுப்பு எவ்வளவுக்கா வந்துச்சு?" என்று அவர்களே கேட்டால்கூட, "உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வந்துச்சு, வியாழக்கிழமை வாங்க" என்பாள்.

கல்யாணமான புதிதில் ஒரு டாக்டர் அவள் சீட்டில் அறுபத்திரண்டு என்று எழுதினார். அன்று அது சரியான எடைதான். அதன் பிறகு அவள் அதை மாற்றவில்லை. நானும் மாற்றச் சொன்னதில்லை. நாள் பூராவும் ஆபீஸில் எடையைக் கத்திச் சொல்வதுதான் என் பிழைப்பு. வீட்டில் ஒரே ஒரு எடையைச் சொல்லாமல் இருப்பதில் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது. எடை போடுகிறவன் வீட்டில் எடைமெஷின் இல்லாதது உலகத்திலேயே இங்கேதான் என்று அவள் தங்கை கேலி செய்வாள். அவளுக்கு இந்த விஷயம் தெரியாது, அல்லது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே தலையை ஆட்டினேன். காலை ஊன்ற முடியாதவளை மெஷினில் ஏற்றி நிறுத்த முடியாது என்பதால் நர்ஸ் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டார். முகவரி மாதிரி அதுவும் ஒரு விவரம், ஃபாரத்தை நிரப்பக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வந்த காரியம் இதுதான். முறிந்த எலும்பைச் சேர்க்க வைத்த தகட்டில் கிருமி பிடித்துக்கொண்டு, காயம் மூடாமல் சீழ் வந்தது. முதலில் பார்த்த டாக்டர் பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார். நாலாம் நாள் சீழ் குறைந்தது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று இவள் நிறுத்திவிட்டாள். இரண்டு வாரத்தில் சீழ் திரும்ப வந்தது. வேறு மாத்திரை, அதையும் ஆறு நாளோடு விட்டாள். மூன்றாவது முறை காய்ச்சலோடு வந்தது. இங்கே எலும்பு டாக்டர் காலைத் திறந்து தகட்டையும் ஆறு திருகையும் எடுத்துவிட்டு, எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சீழைச் சோதனைக்கு அனுப்பினார். வந்த ரிப்போர்ட்டில் பதினாலு மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. பன்னிரண்டுக்கு நேராக, இந்தக் கிருமியிடம் பலிக்காது என்று போட்டிருந்தது. மிச்சம் இரண்டு. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றச் சொன்னவர் கிருமி நோய்களுக்கான டாக்டரம்மா. தங்கை அவருக்குக் கிருமி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

பகலில் தங்கை கூட இருப்பாள். வேலை முடிந்து நான் போவேன். பதினோரு நாள் மருந்து ஏறியது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தால் வாடை அடித்தது.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை, எலும்பு டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். கிருமி எலும்புக்குள்ள இப்படியே ஏறிட்டு இருந்தா, முழங்காலுக்குக் கீழ எடுக்கற மாதிரி ஆயிடும். உயிரைக் காப்பாத்தணும் இல்லையா."

அவர் போன பிறகு என் மனைவி போர்வையை விலக்கி இடது காலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தையல்மெஷினை ரெண்டு காலாலதான் மிதிக்கணும். ஒரு கால் முன்னாடி அழுத்தும், ஒரு கால் பின்னாடி இழுக்கும். இது அவருக்குத் தெரியுமா?"

"மோட்டார் வெச்சுக்கலாம்க்கா" என்றாள் தங்கை.

"மோட்டார் வெச்சா மெஷின் ஓடும். நான் எதுல ஓடறது?"

தங்கை எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வார்டு வாசலில் நர்ஸ் மேஜைப் பக்கத்தில் கிருமி டாக்டர் நின்றிருந்தார். ஒல்லியானவர், மெதுவாகப் பேசுவார். என்னைப் பார்த்ததும் அருகில் கூப்பிட்டார்.

"மருந்து சரியான மருந்துதான் சார். லேப்ல இந்தக் கிருமியை இது கொல்லுது. அப்புறம் ஏன் இறங்கலைன்னு, ரத்தத்துல மருந்து எவ்வளவு நிக்குதுன்னு நேத்து பார்க்கச் சொன்னேன். இருக்க வேண்டியதைவிட ரொம்பக் கம்மியா இருக்கு. கிட்னி ஒழுங்கா இருக்கு. ஏன் கம்மின்னுதான் பிடிபடல."

மூத்த நர்ஸின் பக்கம் திரும்பினார். "ஒரு வேளையாவது விட்டுப்போச்சா?"

"இல்ல டாக்டர்."

"நரம்புலேருந்து விலகி வெளிய கசிஞ்சிருக்குமோ?"

"ஒவ்வொரு வேளையும் பக்கத்துல நின்னு பார்த்திருக்கோம் டாக்டர்." நர்ஸ் பதிவேட்டைத் திறந்து விரலை வரி வரியாக இறக்கிக் காட்டினார். பன்னிரண்டு நாளும் நேரம், கையெழுத்து, எல்லாம் இருந்தது.

"எதுக்கும் ஒரு விளக்கம் எழுதி வெச்சிடுங்க. மேல கேப்பாங்க" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நர்ஸின் முகம் சுருங்கிவிட்டது.

நான் கேட்டேன்: "எவ்வளவு மருந்து போடணும்னு எப்படி முடிவு பண்றீங்க டாக்டர்?"

"எடையை வெச்சுத்தான். ஒரு கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்கு. இவங்களுக்கு அறுபத்தி ரெண்டு கிலோவுக்கு என்ன வருமோ அது போகுது."

ஃபாரத்தை நிரப்ப அல்ல, இதற்குத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"எடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா?"

"ரெண்டு மூணு கிலோன்னா பரவாயில்லை. சாதாரணக் கிருமியா இருந்தா பத்து கிலோ தப்பினாக்கூடத் தாங்கும், பாதி மருந்துலேயே செத்திருக்கும். இது அப்படி இல்ல. ஏற்கெனவே அரைகுறையா மருந்தைப் பார்த்துத் தப்பிச்சது. இதைக் கொல்லணும்னா ரத்தத்துல மருந்து ஒரு அளவுக்கு மேல நிக்கணும். அந்தக் கோட்டுக்குக் கீழ எவ்வளவு நாள் ஏத்தினாலும் பிரயோஜனம் இல்ல. அதைவிட மோசம், இந்த மருந்துக்கும் அது பழகிடும். அப்புறம் நம்ம கையில மிச்சம் ஒண்ணுதான்."

"அப்ப கூட்டிப் போட்டுடலாமே டாக்டர்?"

"காரணம் தெரியாம கூட்டினா தசையைக் கெடுத்துடும். ஏன் கம்மின்னு தெரிஞ்சா இன்னைக்கே கூட்டிடுவேன்."

காரணம் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவள் எடையை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். "டாக்டர், போயிடாதீங்க. பத்து நிமிஷத்துல வர்றேன்" என்றேன்.

தங்கையை டீ வாங்கிவர அனுப்பினேன். அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனாள். காலடிச் சத்தம் அங்கேயே நின்றது. நான் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

"ஏம்மா, உன் எடை என்ன?"

"என்ன திடீர்னு? அன்னைக்கே நர்ஸ்கிட்ட சொன்னேன்ல."

"நர்ஸ்கிட்ட சொன்னது தெரியும். எடை என்ன?"

"அறுபத்தி ரெண்டு."

"அப்ப ரெண்டு மாசமா நான் யாரைத் தூக்கிட்டு பாத்ரூம் போனேன்?"

"என்னைத்தான். வேற யாரைத் தூக்குவீங்க?"

"அறுபத்தி ரெண்டைத் தூக்கினா எனக்கு இடுப்பு இப்படிப் பிடிக்காது."

"வயசாச்சு உங்களுக்கு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கோடு, அதற்குக் கீழே ஏறும் மருந்து, பழகிக்கொள்ளும் கிருமி, வெள்ளிக்கிழமை. அவள் போர்வையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துத் தையல் போடுகிற மாதிரி நீவிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எப்பவுமே தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு இத்தனை வருஷமா வாயைத் திறக்கல."

"நீ சொல்லலையே."

"நான் சொல்லாட்டி? ஆஸ்பத்திரியிலகூடவா தலையாட்டுவாங்க?"

அவள் கேட்டது நியாயம். அவளும் அதை நீட்டவில்லை.

"உங்க கை எவ்வளவு சொல்லுது?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"எண்பத்தாறு."

"நான் எண்பத்தி மூணுன்னு நினைச்சேன்."

"எங்க பார்த்த?"

"பழைய பேப்பர் கடையில. போன வருஷம் பேப்பர் போடப் போனேன்ல, அவர் சாக்கு எடுக்க உள்ள போனாரு. யாரும் இல்லைன்னு ஏறி நின்னுட்டேன்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும். இத்தனை நாளில் முதல் தடவை.

"அந்த நர்ஸம்மா வேற விளக்கம் எழுதணுமாம்" என்றேன்.

சிரிப்பை நிறுத்தினாள். "அவங்க எதுக்கு எழுதணும்? ராத்திரி பகல்னு பார்க்காம எனக்குத் தலைகூட வாரிவிட்டாங்க. கூப்பிடுங்க அவங்களை. நானே சொல்றேன்."

நான் எழுந்து திரையை விலக்கினேன். காலி பிளாஸ்கோடு நின்றிருந்த தங்கை, "டீக்கடை மூடியிருக்கு மாமா" என்றாள்.

என் மனைவி நர்ஸிடமும் டாக்டரிடமும் தானே சொன்னாள். எண்பத்து மூன்றிலிருந்து எண்பத்தாறுக்குள் இருக்கும், பழைய எடையைச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றாள். டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். "தப்பு எங்களோடதும்தான். கேட்டு எழுதினதோட விட்டிருக்கக் கூடாது" என்றார். "இப்பவும் வாயால சொன்னதை வெச்சு நான் போட மாட்டேன். எடை போட்டுடலாம்."

கிட்னிக்காரர்கள் வார்டில் சக்கரநாற்காலியோடு எடை போடும் மேடை ஒன்று இருந்தது. அங்கே தள்ளிக்கொண்டு போனோம். என் தொழில் என்பதால் நான் சும்மா இருக்கவில்லை. முதலில் வெறும் நாற்காலியை எடை போடச் சொன்னேன். பத்தொன்பது கிலோ. பிறகு அவளை உட்கார வைத்து ஏற்றினோம். நூற்று ஆறரை. காலில் இருந்த மாவுக்கட்டுப் பட்டையைக் கழிக்க வேண்டும் என்றேன். நர்ஸ் அதே மாதிரி ஒரு பட்டையைக் கொண்டுவந்து காய்கறி நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பார்த்தார். ஒரு கிலோ இருநூறு.

"அட்ரஸ் சீட்டும் ஒட்டிடுங்க, எங்கேயாவது அனுப்பிடலாம்" என்றாள் என் மனைவி.

நர்ஸ் கணக்கைப் போட்டு, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் தாளை டாக்டரிடம் நீட்டினார். தங்கை எட்டிப் பார்த்தாள், தெரியவில்லை. என் மனைவி அவளைப் பார்த்து, "எண்பத்தாறே கால்டி. போய் ஊரு பூரா சொல்லு" என்றாள்.

தங்கை சொல்லவில்லை. நாற்காலியின் பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் போனாள். பிறகு குனிந்து அக்காவின் காதில், "நான் எழுபதுன்னு சொல்லிட்டிருக்கேன்ல, எழுபத்தொன்பதுக்கா" என்றாள்.

"தெரியும். உன் சட்டையைத் தைக்கறது யாரு?"

அன்று மாலையே மருந்தின் அளவு கூடியது. அதுவரை ஏறியது, ஏற வேண்டியதில் நாலில் மூன்று பங்குக்கும் குறைவு. பன்னிரண்டு நாளும் அவள் கையில் ஊசி குத்தி, நேரம் தவறாமல் ஏற்றியதெல்லாம் கிருமிக்குக் கொஞ்சம் தலைவலி கொடுத்ததோடு சரி. அது இதற்குள் இந்த மருந்துக்கும் பழகியிருக்குமோ என்பதுதான் டாக்டரின் பயம். அதைச் சோதித்துப் பார்க்கத் திரும்பவும் சீழ் எடுத்து அனுப்பினார். முடிவு வர மூன்று நாளாகும் என்றார். எங்களுக்கு இருந்ததும் அந்த மூன்று நாள்தான்.

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. நான் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு அவளிடம் சொல்லவில்லை. "முகத்துலேயே எழுதியிருக்கு, எதுக்கு மறைக்கறீங்க" என்றாள். வியாழக்கிழமை காலை மருந்து ஏறும்போது குமட்டியது. பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, "நிறுத்திடாதீங்க, நிறுத்திடாதீங்க" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே வாந்தி எடுத்தாள். மாத்திரையை நாலாம் நாள் நிறுத்தியவள் அவள்தான் என்று நம்ப எனக்கே கஷ்டமாக இருந்தது.

வியாழன் மாலை ஐந்து மணிக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை. ஏழு மணிக்கு நர்ஸ் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரை உதறித் திரும்ப வைத்துப் பார்த்தார். அப்போதும் இல்லை. தங்கை வீட்டுக்குப் போக மறந்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை எலும்பு டாக்டர் வந்தார். ஆபரேஷன் தியேட்டர் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்ததை நான் வரும் வழியிலேயே பார்த்திருந்தேன். கட்டைப் பிரித்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, காலைப் பார்க்காமல் டாக்டரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பஞ்சால் ஒரு இடத்தை அழுத்தித் துடைத்தார். ரத்தம் கசிந்தது. சீழ் இல்லாத, சிவப்பான ரத்தம். வாடையும் இல்லை.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார். "அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம்."

அவர் வெளியே போகும்போது கிருமி டாக்டர் உள்ளே வந்தார். சோதனை முடிவு கையில் இருந்தது. கிருமி இன்னும் பழகவில்லை என்றார். சொல்லிவிட்டு, பதிவேட்டில் நர்ஸ் விளக்கம் எழுத வைத்திருந்த வெள்ளைத்தாளை எடுத்து, அதில் தானே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வெள்ளியும் வேண்டாம் என்றார்கள், அதற்கடுத்த வெள்ளியும். ஆறு வாரம் மருந்து ஏறியது. குமட்டல் கடைசி வரை விடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாற்காலியில் உட்கார்த்தி எடை பார்த்து, அதற்குத் தக்கபடி மருந்தை மாற்றினார்கள். ஒரு வேளை இருபது நிமிஷம் தாமதமானால் இவளே மணியை அழுத்தி, "என்னோடது இன்னும் வரலையே" என்று கேட்பாள். மருந்து முடிந்த பிறகு இன்னும் எட்டு வாரத்துக்கு மாத்திரை. அதை எண்ணி வாங்கி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. பையைக் கட்டினேன். சக்கரநாற்காலியில் உட்காரவைத்து, கீழே குனிந்து அவள் வலது காலில் செருப்பை மாட்டினேன். இடது கால் முழுக்கப் பட்டைக்குள் இருந்தது, விரல்கள் ஐந்தும் வெளியே தெரிந்தன.

"இன்னொண்ணு எங்க?" என்றாள்.

"எது?"

"இடது கால் செருப்பு."

"கட்டு இருக்கே. எப்படி மாட்டறது? அதான் எடுத்துட்டு வரல."

"மாட்ட வேண்டாம், மடியில வெச்சுக்கறேன். ஒத்தச் செருப்போட போய் இறங்கினா தெருவுல பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? கால் போயிடுச்சுன்னு நினைக்க மாட்டாங்க?"

"விரல் தெரியுதேக்கா" என்றாள் தங்கை. "வண்டி வேற வாசல்ல நிக்குது."

"நிக்கட்டும். எனக்கு ரெண்டும் வேணும்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் படியிறங்கினேன். எங்கள் வீடு இரண்டு ஸ்டாப் தள்ளி. கதவைத் திறந்து தேடினேன். அலமாரிக்கு அடியில், சுவரோரமாக, தூசி படிந்து கிடந்தது. குழாயடியில் வைத்துக் கழுவி, என் துண்டால் துடைத்தேன். பையில் போடத் தோன்றவில்லை. கையில் பிடித்தபடியே திரும்பவும் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பெண்ணின் ஒற்றைச் செருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் வீட்டம்மாவோடது" என்றேன்.